பன்னிரண்டாவது கத்தி

இசக்கிசெல்வி கத்திகளை மூன்றாம் முறை எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான் இருந்தன.

வகுப்பு முடிய இன்னும் ஏழு நிமிடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரும் கையில் ஒட்டிய சோப்புத் தூளைத் தட்டியபடி, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நெளிந்துகொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் பெரியவர்கள் இருவர். ஒருவர் அவளுக்கு மார்க் போட வெளியிலிருந்து வந்திருந்த ஜெயன் சார். மற்றவர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்குக் கைவினைப் பாடம் எடுக்கும் சாவித்ரி டீச்சர். கலை, கைவினை ஆசிரியை ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பில் இதுதான் கடைசித் தேர்வு.

சோப்பைச் செதுக்கி மீன் செய்வது என்ற பாடத்தை அவளேதான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தாள். சாவித்ரி டீச்சருக்கு அதில் இஷ்டமில்லை. காகிதப் பூ செய்துவிட்டுப் போனால் காயமும் இருக்காது, மார்க்கும் குறையாது என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். ஆனால் மலையாளம் பேசும் ஊரில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய இந்தத் தமிழ் மீடியம் வகுப்பில் நான்கு மாதமாகப் பாடம் எடுத்தவள் செல்வி. யாரோ வரைந்து கொடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டித் தீட்டி அலுத்துப்போன பிள்ளைகளின் கையில் ஒருமுறையாவது நிஜமான ஒரு கருவியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூன்று பேருக்கு ஒரு கத்தி, முறை வைத்துச் செதுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். செல்வி போய் வாசலை மறித்து நின்றாள்.

“ஒரு கத்தி கொறையுது. அது கிடைச்ச பின்னதான் எல்லாரும் போகலாம்.”

பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்தார்கள். வெளியே வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். தலைமையாசிரியை ஆளனுப்பி, ஏன் இன்னும் பிள்ளைகளை விடவில்லை என்று கேட்டார். ஜெயன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். பைகளைச் சோதித்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுமே என்று மலையாளத்தில் சொன்னார். சாவித்ரி டீச்சர் எழுந்து அவள் காதருகே வந்தார்.

“பையைக் கொட்டிப் பாத்துடேன்டி. மார்க் போயிண்டே இருக்கு.”

அந்தக் கத்தியோடு ஒரு பிள்ளை நெரிசலான வேனில் ஏறினால் என்ன ஆகும் என்று செல்வி நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் முப்பத்தாறு பேரையும் திருடர்கள் மாதிரி நிறுத்திப் பையைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பெஞ்சாக நடந்தாள். டெஸ்க் மேல் சோப்புச் சீவல்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை.

மூன்றாம் பெஞ்சில் மட்டும் சில சீவல்கள் ரோஸ் நிறத்தில் இருந்தன.

அவள் கொடுத்தவை அத்தனையும் வெள்ளைச் சோப்பு. அது ரத்தம் என்று புரிவதற்கு ஒரு கணம் ஆனது. அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் அபிஷா. இடது கையை டெஸ்க்குக்குக் கீழே இறுக்கிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதோடு விஷயம் முடிந்திருக்கும். செல்வியின் வாய்வரை அந்தப் பெயர் வந்துவிட்டது. கையை வெட்டிக்கொண்டவள் ஏன் ஓடி வந்து சொல்லவில்லை என்ற கேள்விதான் அவளைத் தடுத்தது. பதிலும் அடுத்த நொடியே கிடைத்தது. கையைக் கீறிக்கொள்பவர்களுக்கு அதோடு கத்தி கிடையாது என்று வகுப்பு தொடங்கும்போது கண்டிப்பாகச் சொன்னவள் அவளேதான். பாடத்திட்டத்தில் அந்த விதிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். ரத்தம் பட்ட கத்தியைத் திருப்பிக் கொடுத்தால் கை வெட்டியது தெரிந்துவிடுமே.

அவள் கரும்பலகைக்குத் திரும்பினாள். அபிஷாவின் பக்கம் பாராமல் எல்லோரிடமும் பேசினாள்.

“கை வெட்டிட்டா பின்ன கத்தி தரமாட்டேன்னு சொன்னேம்லா, அது தப்பு. என் தப்பு. கை வெட்டினா உடனே எங்கிட்ட வரணும். மருந்து போடுவேன். அடுத்த கிளாஸ்ல கத்தியும் தருவேன்.”

ஜெயன் சார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் மறுபடி ஒலித்து அடங்கியது. அபிஷா மெதுவாக எழுந்தாள்.

“டீச்சர், சோப்பு பட்டு எரியுது.”

பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய கத்தியை எடுத்து நீட்டினாள். கைக்குட்டை பாதி நனைந்திருந்தது. செல்வி மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் குழாயடிக்கு நடத்திப்போய்க் கையைக் கழுவினாள். இடது கட்டை விரலில் அரை அங்குல வெட்டு. ஆழமில்லை. செல்வி மருந்து போட்டுத் துணியால் கட்டினாள்.

ஜெயன் சார் தன் முடிவை மறைக்கவில்லை. நேரம் தவறியதற்கும், கத்தி கையை விட்டுப் போகும்வரை கவனிக்காததற்கும் மார்க் குறைத்திருப்பதாகச் சொன்னார். பாஸாகிவிடுவாள், ஆனால் முதல் வகுப்பு கிடைக்காது. செல்வி தலையாட்டினாள். அவர் போன பிறகு சாவித்ரி டீச்சர் பாடத்திட்டத்தை எடுத்து அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு நன்னாயிருக்குன்னு கையெழுத்துப் போட்டவ நானோல்லியோ,” என்றார்.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அபிஷாவின் அம்மா பிரேமா, ஆரியசாலையில் ஒரு ஓட்டலில் காய் வெட்டும் வேலை செய்பவள், போன் போனதும் அப்படியே கிளம்பி வந்தாள். கட்டுத்துணியை அவிழ்க்கச் சொல்லி மகளின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டட்டும் என்று செல்வி காத்து நின்றாள்.

“டீச்சரே, இனியும் இவ கையில கத்தி கொடுப்பீங்களா?”

கொடுத்த வாக்கைக் கேட்ட பெண் பக்கத்திலேயே நிற்கிறாள்.

“கொடுப்பேங்க்கா.”

பிரேமா மேசை மேலிருந்த சோப்பை மகளின் கையில் வைத்து, அவள் விரல்களைச் சோப்பைச் சுற்றி மடக்கிவிட்டாள்.

“அப்ப மொதல்ல பிடிக்கப் படிப்பிச்சுக் கொடுங்க. பெருவெரல கத்திக்கு நேரா வச்சிருக்கா, அதான் வெட்டிருக்கு. எங்க ஓட்டல்ல புதுசா வர்ற ஆளுங்களும் இப்படித்தான்.”

அபிஷாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டுத் தாயும் மகளும் பஸ் ஏறிப் போனார்கள்.

அடுத்த வாரம், மறுபடி கத்தி கொடுப்பதற்குத் தலைமையாசிரியை நிபந்தனையோடுதான் சம்மதித்தார். ஒரு நேரத்தில் ஆறு கத்திக்கு மேல் கூடாது, இன்னொரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். நிற்பதற்கு யாரும் கூப்பிடாமலே சாவித்ரி டீச்சர் வந்தார். செல்வி அன்று கத்திப் பெட்டியைத் திறக்கவேயில்லை. வெறும் சோப்பை மட்டும் எல்லோர் கையிலும் கொடுத்து, முப்பத்தாறு இடது கட்டை விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.