வேர்க்காத குழாய்

சூளையிலிருந்து வரும் அமிலப் புகையைக் காரத் தண்ணீரில் கழுவிச் சுத்தமாக்கும் டவர்தான் அந்த ரசாயன ஆலையில் அவளுடைய பொறுப்பு. டவர் ஒழுங்காகத்தான் இருந்தது. புகையைக் கொண்டுவரும் இரும்புக் குழாய்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அடிக்கடி அரித்து ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஆலையை நிறுத்தி ஒட்டுப் போடுபவர், அங்கேயே வெல்டராக இருந்த அவளுடைய அண்ணன்.

“புதுக் குழாய் போட்டுத் தொலைங்கம்மா. இதுல குழாய் எது, ஒட்டு எதுன்னு எனக்கே தெரியல” என்றார் அண்ணன்.

“புதுசுக்கும் இதே கதிதாண்ணே. டவர்கிட்ட வர்றதுக்குள்ள புகை ஆறிடுது. குழாய் உள்பக்கம் வேர்க்குது. அந்த ஈரம்தான் அமிலமா இரும்பைத் தின்னுது.”

“அப்ப ஒரு போர்வையைப் போத்தி விடு” என்று சிரித்தார்.

“அதையேதான் செய்யப்போறோம்” என்றாள் அவள், சிரிக்காமல்.

மேலதிகாரியிடம் மன்றாடி அனுமதி வாங்கினாள். அண்ணன் ஓட்டைகளை அடைத்து முடித்ததும், குழாய் நெடுக சூடு தாங்கும் பஞ்சைக் கனமாகச் சுற்றி, மேலே தகடு அடித்தார்கள்.

வருடாந்தரப் பராமரிப்புக்காக ஆலை நின்றபோது குழாயைக் கழற்றினார்கள். அண்ணன் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். அவளும் குழாயின் வாயருகே குனிந்தாள்.

“என்னண்ணே?”

“காஞ்சு கிடக்குது. நான் போட்ட ஒட்டெல்லாம் அப்படியே இருக்குது!”

வெளியே வந்த முகமெல்லாம் தூசி, வாயெல்லாம் பல். “என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேம்மா!”

“டவர்ல பம்பு ஒழுகுது, வாண்ணே” என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.