மூன்றாவது தடவை

"வேண்டாம் ப்ரொஃபசர். வெஸ்லியக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்குக் கைக்குழந்தை இருக்கு" என்று சொல்லி முடித்த பெஹ்ரங், வலது கையை நெஞ்சில் வைத்து, தலையை லேசாகத் தாழ்த்திக்கொண்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான்.

பேராசிரியர் ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

இன்னும் ஒரு தடவை கேட்பார். கேட்காமல் எப்படி இருப்பார்? அவன் ஊரான ஹமதானில் ஒரு கிளாஸ் தேநீருக்கே மூன்று தடவை கேட்பார்கள். முதல் தடவையே கையை நீட்டுகிறவனைப் பட்டினி கிடந்தவன் என்று நினைப்பார்கள். மூன்றாவது தடவை கேட்டதும், 'நீங்கள் இவ்வளவு வற்புறுத்தும்போது மறுப்பது மரியாதை இல்லை' என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்டி நாக்கு நுனியில் வைத்திருந்தான்.

ஹால்வர்சன் எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறடி மூன்றங்குல மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீ பெரிய மனுஷன்ப்பா. ரொம்ப நாளா எனக்குத் தூக்கமே இல்ல. ஒரே ஒருத்தரத்தான் கூட்டிட்டு வரலாம்னு அங்க கறாரா சொல்லிட்டாங்க. பர்னர் உன்னோடது, அதனால முதல்ல உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீயே வழி காட்டிட்ட."

பேசிக்கொண்டே கதவுவரை வந்தார். கதவும் திறந்தது. பெஹ்ரங் வெளியே நின்றான். நாக்கு நுனியில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது.

அப்போதுகூட அவனுக்குப் பயம் வரவில்லை. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார் என்றே நினைத்தான். நான்கு வருடமாக அவர் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் பர்னர் ஒன்றை அவன் கட்டிக்கொண்டிருந்தான். ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எரிகிறதா அணைந்ததா என்று தெரியாமல் கையை வைத்துவிட்டால் தோல் போய்விடும். கொஞ்சம் காற்று கூடினால் சுடர் பிய்த்துக்கொண்டு போகும், குறைந்தால் குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடும். அதை ஒரே இடத்தில் நிற்கவைக்க அவனால் முடிந்திருந்தது. இப்போது ஹால்வர்சனுக்கு மேற்குக் கரையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பதவி கிடைத்து, ஆய்வுக்கூடத்தையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார். கூடப் போகாத மாணவன் இலையுதிர் காலத்துக்குள் இங்கேயே வேறு பேராசிரியரைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் படிப்பில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவனுடைய விசா ஒரே ஒருமுறை உள்ளே வருவதற்கானது. கிளம்பினால் திரும்ப முடியாது. அக்காவின் கல்யாணத்தை போன் திரையில் பார்த்ததும் அதனால்தான். பாதி முடித்த ஆராய்ச்சியை ஹமதானுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது?

அடுத்த நாள் அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காப்பி இயந்திரத்தின் பக்கம் அவர் வரும் நேரமாகப் பார்த்து பெஹ்ரங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். அவர் தோளைத் தட்டினார், சோள விதைப்பு தாமதமாவதைப் பற்றிப் பேசினார், போய்விட்டார். இவன் குடித்த காப்பிதான் மிச்சம்.

நான்காம் நாள் மாடிப்படியில் வெஸ்லி அவனைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். வெஸ்லி பக்கத்து மாவட்டத்துப் பையன். டிராக்டர் கடைக்காரர் மகன். அவன் சிரித்தால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்.

"டேய், நீ என்ன பண்ணிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? ப்ரொஃபசர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வீட்டுல ஆட்ரி அழுதே அழுதுட்டா. அவங்கம்மா வீடு அங்கதாண்டா, கார்ல அரை மணி நேரம். குழந்தையப் பாத்துக்க ஆள் கிடைச்சாச்சு. வீட்டக் காலி பண்றோம்னு சொல்லிட்டோம். அவ வேலையையும் விட்டுட்டா."

"இதெல்லாம் ஒரு விஷயமா? என்னோடது எல்லாமே உன்னோடதுதான்" என்றான் பெஹ்ரங். தாய்மொழியில் தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வார்த்தை, ஆங்கிலத்தில் தானாக வந்து விழுந்தது.

"எல்லாமேவா? பர்னருமா?"

"பர்னரும்."

"பாத்து, அப்புறம் நான் நிஜமாவே எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லி வெஸ்லி இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

அன்று மதியம் மாணவர் மன்றத்து உணவுக்கூடத்தில் நஸ்தரனைத் தேடிப் போனான். ஷிராஸ்காரி, அவன் நாட்டுக்காரிதான். பாலங்கள் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தாள்; அவனுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பீன்ஸ் சோற்றில் பாதியை மூடியில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட போயி நம்ம ஊரு மரியாதைக்கு வேண்டாம்னு தாரூஃப் பண்ணியா? பெஹ்ரங், உனக்கு மண்டைல ஏதாவது இருக்கா?"

"ரெண்டு தடவைதான் கேட்டாரு…"

"ரெண்டு தடவையா? அமெரிக்காக்காரன் ரெண்டு தடவ கேக்குறதே அதிசயம்டா! எனக்கெல்லாம் ஒரே தடவதான். நான் வந்த புதுசுல வீட்டுக்காரம்மா சாப்பிடுறியான்னா. ஐயோ வேண்டாம்னேன். அவ பாட்டுக்கு என் முன்னாடியே உக்காந்து முழுக் கோழியையும் முடிச்சா. ராத்திரியெல்லாம் வயிறு கூப்பாடு போட்டுச்சு. அன்னிக்கு விட்டேன் இந்தப் பழக்கத்த."

"வெஸ்லிக்குக் குழந்தை இருக்கு நஸ்தரன்."

"இருக்கட்டும். அவனுக்கு நாடும் இருக்கு. இது போச்சுன்னா அப்பா கடைல போயி உக்காருவான். நீ எங்க உக்காருவ?"

அவன் சோற்றைக் கிளறினான்.

"நேரா அவர் ரூமுக்குப் போ. சுத்தி வளைக்காத. அவரு நாய் எப்படி இருக்குன்னு விசாரிக்காத. 'எனக்கு வரணும், என்னக் கூட்டிட்டுப் போங்க.' அவ்வளவுதான். எங்க, சொல்லு பாப்போம்."

"எனக்கு… வரணும்."

"யாரப் பாத்துச் சொல்ற, சோத்தையா? நிமிர்ந்து சொல்லுடா."

ஆனால் அன்றே அவன் போகவில்லை. முதலில் துறையிலிருந்த மற்ற கதவுகளைத் தட்டினான். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். நாற்காலி காட்டினார்கள், அவன் கட்டுரையைப் படித்திருப்பதாகச் சொன்னார்கள், அருமையான வேலை என்றார்கள். ஒருவருக்கு நிதி இல்லை. ஒருவருக்கு ராணுவப் பணம். அதில் அவனுடைய நாட்டுக்காரனை வைத்துக்கொள்ள முடியாது என்பதைச் சொல்வதற்குள் அவருக்கே வியர்த்துவிட்டது. இன்னொருவர் அடுத்த வருடம் கண்டிப்பாக வந்து பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு அறையிலிருந்து வெளியே வரும்போதும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

ஒருநாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். ஹமதானில் சாயங்காலம், பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. பேராசிரியர் பெரிய இடத்துக்குப் போகிறார், தன்னையும் அழைத்துப் போவார் என்று அவசரப்பட்டு முன்பே சொல்லியிருந்தான். அம்மா மாடிவீட்டுக்காரர்கள்வரை சொல்லி முடித்திருந்தாள். இப்போது விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தான். கூட இருக்கிற பையனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவனைக் கூட்டிப் போகும்படி சொல்லிவிட்டேன் என்றான்.

"என் கண்ணு! உங்கப்பா வளர்ப்பு எங்க போகும்?" அம்மாவின் குரல் பெருமையில் தழுதழுத்தது. பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "அப்புறம் அவர் திரும்பக் கேட்டிருப்பாரே, என்ன சொன்ன?" என்றாள்.

"கேட்டாரும்மா" என்றான் பெஹ்ரங். "வர்றேன்னு சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக ஹால்வர்சனின் அறைக்குப் போனான்.

அலமாரிகள் பாதி காலியாகியிருந்தன. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒற்றை நாற்காலி. அவர் அதை இவனுக்குத் தள்ளிவிட்டு மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். நாயின் பெயர் வாயில் வந்துவிட்டது, விழுங்கினான்.

"ப்ரொஃபசர், எனக்கு உங்ககூட வரணும். என்னக் கூட்டிட்டுப் போங்க."

அவர் புரியாதவர்போல் பார்த்தார். "நீ வேண்டாம்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா வரணும்னுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்ன?"

இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஹமதானில் அவன் வளர்ந்த தெருவை முழுக்க இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டும். "எங்க வழக்கம் அப்படி" என்றான். அவன் காதுக்கே அது சால்ஜாப்பாக ஒலித்தது.

"நான் ரெண்டு தடவ கேட்டேன், பெஹ்ரங்."

"ஆமா. ரெண்டு தடவ கேட்டீங்க."

ஹால்வர்சன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே புல்வெளியில் பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பெருமூச்சு விட்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டவர்போல் புன்னகையோடு திரும்பினார்.

"தப்பு என் பேர்ல. உன்னோட நிலைமைய நானே யோசிச்சிருக்கணும். நான் வெஸ்லிகிட்ட பேசணுமா? சொல்லு. நீ சொன்னா இன்னிக்கே பேசுறேன்."

வெஸ்லி படிக்கட்டில் தன்னைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. காலி செய்கிற வீடு, ஆட்ரி, அவள் விட்ட வேலை. 'ஐயோ, அதெல்லாம் எதுக்கு ப்ரொஃபசர்' என்று வார்த்தை தொண்டைவரை வந்தது. நஸ்தரனின் முகத்தை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆமா. பேசுங்க."

ஹால்வர்சனின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் அதைவிட்டு நகர்ந்தது. கை மேஜைமேல் எதையோ தேடி, ஒரு பேனா மூடியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தது.

"சரி… கண்டிப்பா. அதாவது, கொஞ்சம் யோசிக்கணும். அவன் வீட்டையெல்லாம் விட்டுட்டான். அங்க இருக்குற டீன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். என்னால என்ன முடியும்னு பாக்குறேன், சரியா?"

பெஹ்ரங்குக்கு அந்த முகத்தைத் தெரியும். அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அப்பாவின் அலுவலகத்து நண்பர் ஒருவர் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "எங்க போறீங்க, தங்கிட்டுத்தான் போகணும்" என்றார் அப்பா, எல்லோரிடமும் சொல்வதுபோல. அந்த மனிதர், "நல்லதாப் போச்சு, தங்கிடுறோம்" என்று காலணியைத் திரும்பக் கழற்றினார். அப்போது அப்பாவின் முகம் இப்படித்தான் இருந்தது. அம்மா உள்ளே ஓடி, எத்தனை மெத்தை இருக்கிறது என்று பார்த்தாள்.

"ரொம்ப நன்றி ப்ரொஃபசர்" என்று எழுந்தான். இந்தத் தடவையும் அவர் கதவுவரை கொண்டுவந்து விட்டார்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. தாழ்வாரத்தில் அவனைக் கண்டால் ஹால்வர்சன் கை உயர்த்துவார், காதில் போனை வைத்துக்கொள்வார். "பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று ஒருமுறை நடந்துகொண்டே சொன்னார். யாரிடம் என்று இவன் கேட்கவில்லை. வெஸ்லியின் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை. அவனிடம் யாரும் எதையும் பேசியிருக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. "நீயே நேரா வெஸ்லிகிட்ட கேளேன்" என்றாள் நஸ்தரன். அவனும் கேட்கத்தான் போனான். வெஸ்லி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டேப் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தான். பெஹ்ரங் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

லாரி வந்த காலையில் ஆய்வுக்கூடத்தின் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். லேசர்கள், பம்புகள், வாயு உருளைகளின் சங்கிலிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசியாக பர்னர். அதைப் பிரிப்பதற்கு அவனைவிட்டால் ஆள் இல்லை. ஹால்வர்சன் வாசலில் லாரிக்காரரோடு நின்றார், உள்ளே பார்த்து, "அங்க போய்ச் சேர்ந்ததும் மறுபடி டீனப் பாக்குறேன், பெஹ்ரங். நான் மறக்கல" என்றார். சொல்லிவிட்டு, பட்டைகளை இன்னும் இறுக்கும்படி லாரிக்காரரிடம் சத்தம் போட்டார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று வெஸ்லி ஓடி வந்தான். "எடுத்துட்டுப் போயி எப்படித் திரும்ப மாட்டுறதுன்னு எனக்குத் தெரியாது. நீ பிரி, நான் வீடியோ எடுக்குறேன். மெதுவா பிரிச்சு, மெதுவா சொல்லு."

பெஹ்ரங் வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டான். நடுவிலிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் வெறும் விரல் படக்கூடாது. பட்ட இடம் சூட்டில் வெளுத்துவிடும். போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று, எதிரெதிராகத் தளர்த்தினான். வளையத்தைத் தூக்கினான். "இந்தப் பக்கம் மேல வரணும்" என்றான். "திருப்பி மாட்டிட்டா சுடர் உள்ள ஓடிடும். இங்க பாரு, சின்னதா ஒரு கீறல் இருக்கு. அதுதான் அடையாளம்."

"கீறல கிட்டக் காட்டு" என்றான் வெஸ்லி. "தலையக் கொஞ்சம் பின்னால எடு, மறைக்குது."

பெஹ்ரங் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். வெஸ்லி கையிலிருந்த சின்னத் திரையில், திறந்த கதவின் வெளிச்சத்தில், வெள்ளை உறை போட்ட இரண்டு கைகள் மட்டும் ஒரு வளையத்தை ஏந்தி, இப்படியும் அப்படியுமாக மெதுவாகத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தன.