பதின்மூன்றாம் வீடு

மே மாதம் மாதாவுக்கு உரியது. திண்டிவனத்திலிருந்து வல்லம் போகிற வழியில் இருக்கும் அந்தத் தெருவில், வழக்கமாக அது கோயிலோடு முடிந்துவிடும். ஆறு மணிக்கு மணி அடிக்கும், செபமாலை சொல்வார்கள், ஒரு பாட்டுப் பாடிக் கலைவார்கள். 2021இல் கோயில் பூட்டிக் கிடந்தது. பங்குச் சாமியார் பவுலினுக்குப் போன் செய்து, யாரும் கோயில் பக்கம் வர வேண்டாம், அவரவர் வீட்டிலேயே செபம் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார்.

பவுலின் மரியாயின் சேனை என்கிற பங்குச் சபைக்குத் தலைவி. நாற்பத்தெட்டு வயது. தெருவில் அவள் சொன்னால் கேட்பார்கள். கோயிலுக்குப் போக முடியாவிட்டால் மாதா வீட்டுக்கு வரட்டும் என்று அவள்தான் முடிவு செய்தாள். சேனைக்கென்று கண்ணாடிப் பெட்டியில் முழங்கை உயர மாதா சுரூபம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு நாளைக்கு முப்பத்தொரு வீடு என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதினாள். தினமும் சாயங்காலம் முந்தைய வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்து வந்து அடுத்த வீட்டில் வைப்பார்கள். முப்பது பேர் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்து செபம் சொல்வார்கள். கடைசியில் ஒவ்வொருவராக மாதாவின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்வார்கள். பிறகு சுண்டல், டீ.

சுரூபத்தைத் தூக்கி வருபவர் பெரியநாயகம். ஓய்வு பெற்ற லாரி டிரைவர். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "மாதா பின்னாடியே கொரோனாவும் வருதுடா. அதுக்கும் ரெண்டு பிடி சுண்டல் எடுத்து வைங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பவுலின் மட்டும், "வாய வச்சிக்கினு சும்மா இருங்க மாமா" என்பாள். அப்போது தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

பதின்மூன்றாம் தேதி இருதயசெல்வியின் வீடு. அவளுடைய மகள் டயானாவுக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டு கர்ப்பமும் நிற்கவில்லை. கணவன் ஆரோக்கிய ஜெனித் விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். ஊரடங்கு வரும் என்று பேச்சு கிளம்பிய ஏப்ரல் கடைசியிலேயே அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தான். மாதா எப்போது வருவாள் என்று டயானா மே முதல் தேதியிலிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பவுலின் சவுரிராயன் வீட்டுக்குப் போனாள். சவுரிராயன் கொத்தனார். ஊரடங்கு அறிவித்த அன்று சென்னையிலிருந்து வந்தவன். ஒன்பதாம் தேதி அவன் வீட்டில்தான் செபம் நடந்தது. இரண்டு நாளாக அவன் வெளியே வராததால் என்னவென்று கேட்கப் போனாள்.

அவன் மனைவி வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"முந்தா நாளு திண்டிவனத்துல டெஸ்ட் எடுத்தாரு, அக்கா. இப்பதான் மெசேஜ் வந்துச்சி. பாசிட்டிவ்வாம்."

"நர்சம்மாவுக்குத் தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்? மெட்ராஸ் வாடகை வூட்டு அட்ரஸத்தான் குடுத்திருக்காரு. அங்க போய்த் தேடிக்கினு இருப்பாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ யாருகிட்டயும் சொல்லிடாத. தெருவ மறிச்சித் தகரம் அடிச்சிட்டான்னா, மல்லாட்டை பறிக்கிற நேரத்துல நம்மள யாரு கூலிக்குக் கூப்புடுவான்? அப்புறம் உன் பேரும் சேந்துதான் வரும். மாதாவ வூடு வூடா அனுப்புனது யாருன்னு கேப்பாங்க இல்ல?"

பவுலின் திரும்பி நடந்தாள்.

மத்தியானம் கிராம சுகாதார செவிலியர் பிரபாவதி ஸ்கூட்டியில் வந்தாள். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மறைக்கிற பிளாஸ்டிக் தகடு. பதினொரு ஊருக்கு அவள் ஒருத்திதான். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டாள்.

"பவுலினம்மா, சாயந்தரத்துல கூட்டம் கூடறீங்களாமே?"

"கூட்டம் ஒண்ணுமில்லம்மா. வூட்டு ஆளுங்கதான் செபம் பண்ணுவோம்."

"யாருக்காவது காய்ச்சலு, சளி?"

"இல்லம்மா."

"இந்தத் தெருவுல மாசமா இருக்கறது டயானா ஒண்ணுதான். ஏற்கெனவே ரெண்டு கலைஞ்ச உடம்பு. இந்தத் தடவ வந்திருக்கறது போன வருசத்து மாதிரி இல்லம்மா. மாசமா இருக்கறவங்களத்தான் ஜல்தியா சாய்க்குது. அத மட்டும் பத்திரமா பாத்துக்கோங்க."

"பாத்துக்கறோம்மா."

பட்டியல் எழுதிய தாள் பவுலினின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகம் அவள் கையில் இருந்தது. பிரபாவதி ஒரு கட்டு சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

சாயங்காலம் வரைக்கும் பவுலினுக்கு நேரம் இருந்தது. இருதயசெல்வியின் வீட்டுக்கு ஒருமுறை போனாள். வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, ஜிகினாத் தாள் ஒட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். ஊரடங்கில் பூக்கடை இல்லாததால் டயானா பக்கத்துத் தோட்டத்துச் செம்பருத்தியைப் பறித்து வைத்திருந்தாள்.

"பெரிம்மா, இன்னிக்கு மாதாவ நானே வாங்கி வைக்கட்டா?"

"பாரமா இருக்கும்டி. நீ உள் ரூம்லயே இரு. கூட்டத்துல வராத."

"போங்க பெரிம்மா. மாதா வர்றப்ப உள்ள போயி ஒளிஞ்சிக்கினா, எதுக்கு வர்றது அது?"

இருதயசெல்வி அடுப்படியிலிருந்து, "அவ பத்து நாளா இதத்தான் சொல்லிக்கினு கீறா, வுடுக்கா" என்றாள். பவுலின் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தாள். கொண்டைக்கடலை வேகிற வாசனை வந்தது. இன்று ஒரு நாள் மட்டும் நடந்துவிடட்டும், நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆறு மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். சவுரிராயனின் மனைவியும் வந்தாள். வராமலிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அவள் பாட்டுக்காரி. எப்போதும் முன்னால் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பவள். அன்றும் முன்னால், டயானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செபமாலையின் நடுவே இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டாள். பவுலின் எதிர்ச் சுவரோரம் இருந்தாள். இருவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பவுலின் செபமாலையின் அடுத்த பத்து மணிக் காரணிக்கத்தைத் தொடங்கினாள்.

பாதம் முத்தி செய்யும்போது வீட்டுக்காரர்களின் முறை கடைசியில்தான் வரும். வந்த இருபத்தாறு பேருக்கும் பிறகு டயானா சுரூபத்தைக் கையில் வாங்கினாள். பாதத்தில் உதட்டை வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். பிறகு அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பவுலின் வீடு வீடாகப் போய், செபத்துக்கு யாரும் வர வேண்டாம், போலீஸ் வருகிறதாம், கேஸ் போடுவார்களாம் என்று சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருதயசெல்விக்கு அதில் சந்தோஷம்தான். "அப்போ பிரசவம் வரைக்கும் மாதா எங்க வூட்லயே இருக்கட்டும்" என்றாள்.

பதினேழாம் தேதி டயானாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் சூடு என்று மோர் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் தேதி காலை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவளுக்கு மூச்சு போதவில்லை. பிரபாவதி வந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் எண்பத்தாறு. 108 ஆம்புலன்ஸ் வந்து முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஜெனித் விழுப்புரத்திலிருந்து பைக்கில் நேராக அங்கே போய்ச் சேர்ந்தான்.

அன்று மத்தியானம் பவுலின் செபப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து பிரபாவதியிடம் கொடுத்தாள். பிரபாவதி அதைத் தேதி வாரியாக மேலிருந்து கீழே படித்தாள்.

"இத அன்னிக்கே குடுத்திருக்கலாம்" என்றாள். திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை.

எழுபத்தொரு பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். இருபத்தொன்பது பேருக்கு இருந்தது. தெருவின் இரண்டு முனையிலும், பிறகு தனித்தனியாகப் பத்து வீடுகளின் முன்னாலும் தகரம் அடித்தார்கள். பெரியநாயகம் இருபத்து மூன்றாம் தேதி இறந்தார். சவுரிராயன் எழுந்து நடமாடினான். இருதயசெல்விக்கும் பாசிட்டிவ். லேசானது என்பதால் வீட்டிலேயே வைத்தார்கள். பவுலினுக்கு நெகட்டிவ்.

இருபத்தொன்றாம் தேதி டயானாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. ஜெனித் அனுப்பிய படத்தை இருதயசெல்வி தகரத்துக்கு மேலாக எக்கிப் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

இருபத்தாறாம் தேதி காலை எட்டரைக்கு ஜெனித் பவுலினுக்குப் போன் செய்தான்.

"டயானா போயிட்டா பெரிம்மா. ஆறு மணிக்கு. அத்தைக்கு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நீங்க போய்ச் சொல்லுங்க."

தகரத்தின் மறுபக்கம் இருதயசெல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பவுலினைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள்.

"வாக்கா. புள்ள நேத்து பாலு குடிச்சிதாம். மாதா வந்த வூடுக்கா இது. இல்லன்னா அந்தப் புள்ள தங்கியிருக்குமா சொல்லு? நீ அன்னிக்குக் கொண்டாந்ததாலதான்."

"செல்வி, டயானா தவறிட்டாடி."

இருதயசெல்வி தகரத்தின் விளிம்பைப் பிடித்தாள். விளிம்பு கூராக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"நேத்து ராத்திரி ஜெனித்து பேசுனானே" என்றாள். "ஆக்சிஜன கொறச்சிட்டாங்கன்னு சொன்னானே."

"காத்தால ஆறு மணிக்கு."

தெருவில் சுண்ணாம்புத் தூள் காய்ந்து கிடந்தது. பவுலின் அப்போதே போயிருக்கலாம். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. இனி இருதயசெல்வி எஞ்சிய நாளெல்லாம் மாதா வந்ததால் பேத்தி பிழைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும்.

"செல்வி. சவுரிராயனுக்கு கொரோனான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க வூட்டுக்கு மாதா வந்த அன்னிக்கு."

இருதயசெல்வி அவளைப் பார்த்தாள்.

"ராத்திரி தெரிஞ்சிதா?"

"காத்தாலயே."

"அவ பொண்டாட்டி வந்து டயானா பக்கத்துல குந்தினாளே."

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"மறுநாளு போலீஸ் வருதுன்னு வந்து சொன்னியே."

"அது பொய்யி."

இருதயசெல்வியின் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அந்தப் பொய்ய ஒரு நாளு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

பவுலினின் கையில் போன் அடித்தது. ஜெனித். உடலைப் பொட்டலமாகக் கட்டித்தான் தருவார்களாம், இரண்டு மணிக்குள் வண்டி வருமாம், குழி வெட்ட ஆள் வேண்டும் என்றான். தெருவில் குழி வெட்டுகிறவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் தகரத்துக்குள் இருந்தார்கள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா பெரிம்மா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

இருதயசெல்வி உள்ளே போய்விட்டிருந்தாள். கழுவின பாத்திரங்கள் வாசலிலேயே கிடந்தன. பவுலின் போனைக் காதில் வைத்தபடி, கல்லறைத் தோட்டத்துக் கடப்பாரை யார் வீட்டில் இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவன் மறுபடியும் கேட்டான். உள்ளேயிருந்து அப்போதுதான் சத்தம் கிளம்பியது. அது போனில் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், பிறகு அவன் கேட்கவில்லை.