செத்தவீட்டுக் குருத்தோலை

ஐயாத்துரையின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அமராவதிக்கு அந்தச் சத்தம் கேட்டது. விறகு கொத்தினால் இப்படிக் கேட்காது. ஈரமான எதிலோ கத்தி இறங்கி, இழுபட்டு வெளியே வருகிற சத்தம். புருஷனின் கால்மாட்டில் இருந்தபடியே கழுத்தை வளைத்து வெளியே பார்த்தாள். பந்தல் போடுகிற ஆட்களின் முதுகுகள்தான் தெரிந்தன.

"நேசமலர், என்னத்தை வெட்டுறாங்கள்?"

அடுத்த காணி நேசமலர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "தோரணத்துக்குக் குருத்து வெட்டீனம் அக்கா. பாடைக்கும் வேணுமாம்."

"எந்த மரத்தில?"

கேட்டிருக்கத் தேவையில்லை. பெரிய தென்னை என்று அந்த வீதியில் ஒன்றும் மிச்சமில்லை. கண்டி வீதியில் சண்டை தொடங்கிய கையோடு எல்லாம் பங்கருக்குக் குற்றியாகப் போய்விட்டன. கதிரை போட்டு ஏறினால் எட்டுகிற உயரத்தில் குருத்து இருந்தது அவளுடைய ஐந்து தென்னைகளில் மட்டும்தான். அவளுடைய என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. ஐயாத்துரையின் தென்னை என்றுதான் பேச்சு.

ஆறு வருடத்துக்கு முன்னர் பன்னிரண்டு வைத்தது. மேட்டுக்காணி, முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் அந்தப் பக்கம் ஏறாது. ஐயாத்துரைக்குத் தொய்வு. நாலு தரம் கிணற்றுக் கயிறு இழுத்தால் நெஞ்சு விசிலடிக்கும். ஆகையால் அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்லுவார், இவள் செய்வாள். சோளகக் காற்றுத் தொடங்க முன்னம் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை புதைக்கவேண்டும். காற்றடிக்கிற பக்கம் ஓலைக் கிடுகு கட்டவேண்டும். வெயில் ஏறமுதல் மரத்துக்கு மூன்று வாளி. மாரி பிடித்தால் கிடுகை அவிழ்த்துவிட்டு, அடியில் தண்ணீர் நில்லாமல் கான் வெட்டவேண்டும். வண்டு துளைத்தால் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு உப்பும் மணலும் போடவேண்டும். ஓர் ஆவணியில் கிணற்றில் சேறு வந்தபோது அவள் குளிப்பை விட்டாள், மரத்துக்கு ஊற்றுவதை விடவில்லை. அப்படியும் யானை இரண்டைத் தின்றது, வண்டு மூன்றை, வெயில் இரண்டை.

மிஞ்சிய ஐந்தையும் பார்த்து, "ஐயாத்துரைக்கு நல்ல கைராசி" என்று போகிறவர் வருகிறவர் சொல்வார்கள். அவர் சிரிப்பார். அந்தக் கை யாருடையது என்று ஒருநாளாவது வாய் திறந்ததில்லை. அந்தச் சிரிப்பை அவள் மன்னித்ததும் இல்லை.

"நான் போனாலும் இதுகள் உனக்குச் சோறு போடும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லை. வயல் இரண்டு போகமாகத் தரிசு. அதனால் அந்தப் பேச்சை அவள் நம்பினாள், நம்பித்தான் இழுத்தாள். போன மாதம் இரண்டு மரத்தில் பாளை தெரிந்தது.

இன்று விடியப்புறம் மூன்றாவது மரத்தடியில் நிற்கும்போது அவர் கூப்பிட்டது கேட்டது. முழுப் பெயர்கூட இல்லை, பாதிதான். அவள் கையில் இரண்டாவது வாளி. இன்னும் ஒன்றுதானே, ஊற்றிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். போனால் மட்டும் என்ன கேட்கப் போகிறார், ஊத்தினியோ என்றுதான் கேட்பார். ஊற்றி முடித்துப் போனபோது கதிரைக் கையைப் பிடித்தபடி, கண் திறந்தபடி கிடந்தார். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நித்திரையில் போய்விட்டார் என்றே சொன்னாள்.

மறுபடி வெட்டுக் கேட்டது. அமராவதி எழும்பினாள். எழும்ப விட்டால்தானே. பிணத்தடியை விட்டுப் பெண்சாதி போகக்கூடாது என்று நாலு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து இருத்தி, அவள் தோளில் முகத்தை வைத்து அழுதார்கள். அந்த அழுகைக்குள்ளிருந்து அவள் கத்தினாள்.

"அத்தான்! ஒருக்கா வாங்கோ!"

பரமேஸ்வரன் ஐயாத்துரையின் தமையன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டானில் ஒரு கொட்டிலில் இருக்கிறார். ஊரிலிருந்து சுமந்துவந்த பெருமையை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் திரிந்தவருக்குத் தம்பியின் சாவு நல்ல இடமாக வாய்த்தது. தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"அத்தான், குருத்தை வெட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ. பாளை வந்த மரம். அடியோட இறக்கினா பட்டுப்போடும்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? தென்னை வளர்த்தவன்ர செத்தவீட்டில ஒரு குருத்தோலை இல்லையெண்டு சனம் சிரிக்காதோ? அவன்ர மரம், அவனோட போகட்டும்."

"அது அவற்ற மரம் இல்லை."

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பரமேஸ்வரன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"துக்கத்தில பிதற்றுது. பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். பிறகு இரங்கினவர்போல வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பியவை, நாலு காணும்! கடைசி மரத்தை விடுங்கோ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் தோரணம் கட்டவேணும்."

அதற்குப் பிறகு இரண்டு தரம் கேட்டது. அவள் எண்ணினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் உடம்பு உதறியபோது, பாவம், புருஷனில் எவ்வளவு பாசம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவள் அழுதாள்தான். அவர் போனதற்கும் அழுதாள். எது எதற்கான கண்ணீர் என்று பிரிக்க அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானம் நேசமலர் பக்கத்தில் வந்து குந்தி, அவள் உள்ளங்கையில் எதையோ மறைவாக வைத்து மூடினாள்.

"காலமை தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. ஒரு வாய் வையுங்கோ அக்கா. ஆரும் பாக்கேல்லை."

கையை விரித்தாள். வெள்ளை வெளேரென்று, ஈரமாக, தென்னங்குருத்தின் அடித்துண்டு. ஓலையைச் சீவி எடுத்திருந்தால் மரம் ஒரு வருடம் பின்தங்கும், பிழைக்கும். இது மரத்தின் உள்ளே இருப்பது. இது வெளியே வந்தால் அந்த மரம் இனி இல்லை.

"இது எந்த மரத்தின்ர?"

"கிணத்தடியில இருந்து மூண்டாவது. நல்ல இனிப்பு."

அமராவதி அதை வாயில் வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அக்கா பிறகு தின்பாள் என்று நினைத்துக்கொண்டு நேசமலர் போய்விட்டாள்.

தோரணம் வடிவாகத்தான் இருந்தது. பறை முழங்க, வாய்க்கரிசி போட்டு, மஞ்சள் பூத்த ஓலைகள் ஆட ஆடப் பாடை வாசற்படலை தாண்டியது. இந்த இடப்பெயர்வுக்குள்ளும் என்ன சிறப்பு என்று சனம் சொன்னது. பரமேஸ்வரன் கொள்ளிக்குடத்தோடு நிமிர்ந்து நடந்தார். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள்.

இனி வீடு கழுவவேண்டும், தலை முழுகவேண்டும். நேசமலர் கிணற்றில் முதல் வாளியை இழுத்துவிட்டு, "இருங்கோ அக்கா" என்று கல்லைக் காட்டினாள். அமராவதி இருக்கவில்லை. கிணற்றடியைத் தாண்டி, கூம்பு இழந்து வாய் பிளந்து நின்ற நாலு மரங்களையும் பாராமல் நடந்து, ஐந்தாவதின் அடியில் போய்ச் சம்மணமிட்டு இருந்தாள்.

"இஞ்ச வைச்சு ஊத்து."

"அங்க ஏன் அக்கா?"

"ஊத்து."

நேசமலர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். தண்ணீர் தலையில் விழுந்து, சேலையில் இறங்கி, வெயில் காய்ந்த மண்ணில் ஆவி மணக்கப் பொச்சுமட்டைக்குள் போனது. இரண்டாவதையும் ஊற்றினாள். மூன்றாவதைக் கொண்டுவரும்போது அவளுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். தலையில் ஊற்றவில்லை. குனிந்து, அடியைச் சுற்றி, மெல்ல மெல்லச் சரித்தாள்.

பிறகு வெறும் வாளியோடு நின்று, அந்த நாலையும் பார்த்தாள்.

"அதுகளுக்கும் ஊத்தட்டோ அக்கா?"

அமராவதி முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்து மரத்தடியில் உதறினாள்.

"வேண்டாம். தண்ணியை வீணாக்காத."