ஒன்பது பூஜ்யங்கள்

1

என் கதைகள் துணி அலமாரியில் ஒளித்த நோட்டுகளில் இருக்கும், யாருக்கும் காட்டியதில்லை. இதை மட்டும் அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்து.

தொடக்கம்: முதுமை என்பது ஒரு... (சீ. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வியாக்கியானம் எதற்கு?)

இன்னொன்று: அப்பா ஒரே நாளில் பதின்மூன்று வயது மூத்துப்போனார். (இது இருக்கட்டும்.)

2

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். வயது அறுபத்தாறு. ரத்தத்தை வைத்து உடம்பின் வயதைக் கணக்கிட்டு, அதை மனநிலையோடு ஒப்பிடும் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தார். உடம்பின் வயது எழுபத்தொன்பது என்று தாள் வந்தது. அன்று படுத்தவர்தான். சவரம் இல்லை, ரேடியோ இல்லை.

"ஒரு காகிதம் சொல்லுச்சுன்னு படுத்துக்கிட்டா ஆச்சா? நான் சொன்னதை என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் அம்மா.

"எழுபத்தொம்பது வயசுக்காரன்கிட்ட கத்தாதடி."

(இருவருமே சிரிக்கவில்லை.)

அவரைச் சோர்வாக்கியது ரத்தமா, தாளா? அதை ஆய்வுதான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தது, பாருங்கள்.

3

மனநிலைக் கேள்விகளுக்காக இன்று வரச்சொன்னார்கள். நர்ஸக்கா நடைக்கூடத்தில் நின்று, எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய பழைய கூட்டாளி.

"ஐயா, ரெண்டு வாரமா மனசு சோர்வா இருந்துச்சா?"

"எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க!"

'இல்லை' என்றால் பூஜ்யம். இப்படியே எட்டுக் கேள்விக்கு எட்டு பூஜ்யம். ஒன்பதாவது:

"வாழ்ந்தது போதும்னு தோணுச்சா?"

"இவன் மூஞ்சியைப் பாக்கும்போது மட்டும்."

கூட்டாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். நர்ஸக்காவும் சிரித்துக்கொண்டே ஒன்பதாவது பூஜ்யத்தைப் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று காலையில்தான் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "போதும்மா, எல்லாம் போதும்" என்றார். நான் எழுந்தேன். "அக்கா, அப்பா வந்து..."

(அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் என் வாக்கியங்களின் லட்சணம் இது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் இதனால்தான்.)

4

முடிவு ஒன்று: நாளைக் காலை அப்பா தானே எழுந்து சவரம் செய்கிறார். (பொய்.)

முடிவு இரண்டு: (எழுத மாட்டேன்.)

மூன்றாவதை நீங்கள்தான் எழுத வேண்டும், டாக்டர். ரிப்போர்ட்டை உங்கள் மேசைக்குப் போகும் ஃபைலில் திரும்ப வைக்கச் சொன்னார்கள். வைக்கப்போகிறேன். இதைப் படிக்கிறீர்கள் என்றால், தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள்.

அப்பா வெளியே மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். தனியாகக் கூப்பிடுங்கள். கதவைச் சாத்துங்கள். ஒன்பதாவது கேள்வியை மட்டும், மெதுவாக, இன்னொரு முறை.