இரஞ்சிதத்துக்கு ஒரு சோடி செருப்பு

1

வற்றாப்பளை அம்மன் சாட்சியாக, ஈரவேட்டியோடு கிழக்கே பார்த்து நின்று சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முற்றுப்புள்ளிகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. என் பேனை ஒழுகும். சில புள்ளிகள் தாமாக விழுந்தவை.

கதை பிறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம், அதாவது அறுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், என் இடது குதிக்காலில் ஒரு நோ வந்து குடியேறியது. நாங்கள் இந்தக் குடியேற்றக் கொலனிக்கு வந்ததுபோல் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து அது வரவில்லை. ஒருநாள் காலை பாயிலிருந்து எழும்பிக் காலை ஊன்றினேன். இரவோடிரவாக உள்ளே யாரோ முளை அறைந்திருந்தார்கள். நல்லதொரு செருப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். புதுக்குடியிருப்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். வெயில் காலத்துக்கென்று தொங்கவிட்டிருந்த செருப்புகள் எல்லாம் பலகைபோல் தட்டையாக இருந்தன. மனிதனின் உள்ளங்காலில் ஒரு குழிவு உண்டு என்ற செய்தி செருப்புச் செய்கிறவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறி விசுவமடுவுக்குத் திரும்பும் வழியில் இரஞ்சிதத்தை நினைத்தேன்.

இதை இரக்கம் என்று எண்ணவேண்டாம். நோ உள்ளவனுக்கு, நோ உள்ள இன்னொரு ஆள் துணைக்கு வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அறுபத்தோராம் ஆண்டு ஆடி மாதத்து வெயில் வயல்வெளியில் கொதித்துக்கொண்டிருந்தபோது, இரஞ்சிதம் தன்—"

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் எந்தக் கதையையும் நான் முழுதாக வாசித்ததில்லை. நீங்களும் வாசித்திருக்கமாட்டீர்கள்.)

"நோ என்பது, மனிதனுக்கு ஓர் உடம்பு உண்டென்பதை ஞாபகப்படுத்த இயற்கை அனுப்புகின்ற—"

(இதை எழுதியதும் குதிக்கால் சுள்ளென்றது. அதற்கும் பிடிக்கவில்லை.)

"இரஞ்சிதத்துக்குக் குதிக்கால் நோ."

இது இருக்கட்டும். இதற்குள் பொய்யைச் செருக இடமில்லை.

இரஞ்சிதம் எனக்கு அடுத்த காணிக்காரி. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து புருசன் வீரகத்தியோடு வந்தவள். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி, தண்ணீர் வரத் தொடங்கிய வருடத்தில் வீரகத்தி காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. காணி அரசாங்கக் காணி; தானே நின்று வயல் செய்கிறவருக்குத்தான் அது சொந்தம் என்பது காணிக் கந்தோரின் கட்டளை. வீரகத்தியின் தம்பி சிற்றம்பலம் கந்தோருக்குப் போனான். "மச்சாளுக்குக் கால் ஏலாது. வயல் செய்யமாட்டா. காணியை என்ரை பேருக்கு மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தான். ஆடியில் காணி பார்க்கும் துரை வருவார் என்று பதில் வந்தது. அவர் முன்னால் இரஞ்சிதம் தன் காணியின் நாலு எல்லையையும் நடந்து காட்டவேண்டும். நடந்தால் காணி அவளுக்கு. நடக்காவிட்டால் சிற்றம்பலத்துக்கு.

(சிற்றம்பலத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு கதைக்கு வேண்டிய அளவு கெட்டவன் அல்ல அவன். வீடு நிறையப் பெண்பிள்ளைகள். சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. மச்சாளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி நிரப்பிவைத்துவிட்டுத்தான் அவளுக்கு எதிராக மனுக் கொடுக்கப் போவான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எழுதுவது மிகவும் கஷ்டம்.)

3

ஆக, இரஞ்சிதத்துக்குச் செருப்பு வேண்டும்.

முதலில் மரத்தில் ஒரு மிதியடி. அதைப் போட்டு நடந்தபோது நோ குதிக்காலை விட்டு இடுப்புக்கு ஏறியது. இடம் மாறியதைச் சுகம் என்று சில நாள் நம்பினாள். பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தோல் செருப்பு. அது கந்தோர்க் கதிரையில் இருப்பவர்களின் காலுக்குச் செய்தது. வரம்பைக் கண்டதும் வழுக்கியது. மூன்றாவது ரப்பர். ஒரு மத்தியானம் அதைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு மடை திறக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் வெயிலில் இளகி, வரம்பின் வடிவத்தில் உறைந்திருந்தது. நடுவில் ஒரு மாட்டின் குளம்படியும் தெளிவாகப் பதிந்திருந்தது. (சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்நாளில் எங்கள் கொலனியில் வயல் வேலை செய்கிற பெண்கள் செருப்புப் போடுவதில்லை. நேர்ஸ் அம்மா போடுவா. பள்ளிக்கூட ரீச்சர் போடுவா. புருசனை இழந்தவள் செருப்போடு நடந்தால் கிணற்றடி சும்மா இருக்குமா?

"என்னடி இரஞ்சிதம், நேர்ஸ் வேலை கிடைச்சிட்டுதோ?" என்றாள் நாகேஸ்வரி. வாளிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் விசாரணை நடத்துகிறவள்.

"ஓமக்கா. முதல் ஊசி உங்கடை நாக்குக்குத்தான்."

இரஞ்சிதம் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். வீடு வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது. நொண்டி நடந்தால் தண்ணீர் தளும்பும்.

4

றவூப் முல்லைத்தீவு ஆள். புதுக்குடியிருப்புச் சந்தையில், பழைய பஸ், லொறி ரயர்களை வெட்டிச் செருப்புச் செய்து விற்பவர். வெட்டிய துண்டு வளைந்திருக்கும் அல்லவா? அதைத் தட்டையாக்க மேலே பாறாங்கல் ஒன்றை ஏற்றிவைப்பார். அந்தக் கல்லின் மேல் தானும் ஏறி இருந்து ஊர்க்கதை பேசுவார். கதை நீளநீளச் செருப்புத் தட்டையாகும்.

"நானா, எனக்குத் தட்டைச் செருப்பு வேண்டாம். உள்ளங்காலுக்கு முட்டுக்குடுக்கிற மாதிரி ஒண்டு வேணும்."

"முட்டுக்குடுக்க உன்ட கால் என்ன வாழைமரமா புள்ள?"

"வாழைக்கே ஒரு முட்டு வைக்கினம். எனக்கு வைச்சால் என்ன குறைஞ்சு போவியள்?"

றவூப் சிரித்தார். பிறகு அவள் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ஒரு காலின் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி, அது தாங்காமல் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இரு, ஒரு சோடி கிடக்கு. ஆனா சரிவராது. எனக்குக் காய்ச்சல் எண்டு போன கிழமை கல்லு வைக்கேல்ல. வளைஞ்சு போய்க் கிடக்கு. அடுத்த சந்தைக்கு வா, நிமித்தித் தாறன்."

அவள் அதற்குள் காலை வைத்துவிட்டாள். குதிக்கால் ரயரின் குழிவுக்குள் இறங்கியது. உட்பக்க ஓரம் எழும்பி வந்து உள்ளங்காலைத் தாங்கியது. அவள் மற்றக் காலையும் வைத்தாள்.

"என்ன புள்ள, குத்துதா?"

"கதையாதேங்கோ நானா. என்னைக் கொஞ்சம் நிக்க விடுங்கோ."

சுற்றிவரச் சந்தை கூவிக்கொண்டிருந்தது. மீன்கூடைக்காரர் ஒருவர் விலகச் சொல்லி ஏசிவிட்டுப் போனார். இரஞ்சிதம் சும்மா நின்றாள். சும்மா நிற்பது அவளுக்கு அவ்வளவு புதிதாக இருந்தது.

5

(இது அடிக்குறிப்பு. அடியில் இடம் இல்லாததால் நடுவில் வைக்கிறேன். இடது செருப்பு முல்லைத்தீவு–வவுனியா பஸ்ஸின் ரயரில் வெட்டியது. வலது, மரம் ஏற்றும் லொறியின் ரயரில். ஆகவே இடது கால் ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் நின்றுவிடும். ஆட்கள் ஏறி இறங்கப் போதுமான நேரம் சென்றபின்தான் நகரும். வலது கால் யாருக்கும் நிற்காது. கண் தப்பினால் காட்டுப்பக்கம் திரும்பிவிடும். முள்ளியவளைச் சந்தியில் அவள் இப்படி நின்றதைக் கண்ட ஒரு கிழவர், பஸ் வந்துவிட்டதென்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். நம்பாதவர்கள் அவரைக் கேட்கலாம். மூட்டையை இன்னும் இறக்கவில்லை என்று கேள்வி.)

6

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரஞ்சிதம் என் கதிரையில் இருந்து, எழுதிய தாள்களை வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் மேசையின் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்திருந்தாள். எழும்பவில்லை. எழும்பச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

"என்ன அண்ணை, நோ எனக்கு. பகிடி உங்களுக்கோ?"

"பகிடி இல்லாட்டி ஆர் பிள்ளை வாசிப்பினம்?"

"ஒருக்கா நோவை நோவெண்டு எழுதுங்கோவன்."

நின்றபடியே எழுதினேன்: காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடி வைப்பாள். வாசல் வரைக்கும் சுவர் இருந்தது. வாசலுக்கு அப்பால் வயல் இருந்தது.

வாசித்தாள். "உது காணும், கூட எழுதவேண்டாம்" என்றாள். தாளை மேசையில் வைத்துவிட்டு, "துரை வாற அண்டைக்கு என்னை நடக்க விடுவியளோ?" என்று கேட்டாள்.

"பாப்பம்."

"பாப்பமெண்டுதான் கந்தோரிலையும் சொல்லினம்."

இந்தக் கதையை எழுதுகிறவன் நான்தான்; அவளுக்குக் காணி கொடுக்கும் அதிகாரம் என்னிடம் உண்டு என்று அவள் நினைக்கிறாள். நானும் சிலவேளைகளில் அப்படி நினைத்துவிடுகிறேன்.

7

துரை ஜீப்பில் வந்தார். தலையில் தொப்பி, காலில் மினுக்கிய சப்பாத்து. சிற்றம்பலம் குடை பிடித்தான்.

"நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ அம்மா" என்றார் துரை. மரியாதையான மனிதர்.

இரஞ்சிதம் ரயர்ச் செருப்போடு நடந்தாள். வாய்க்கால் கரையோடு முதல் எல்லை. காட்டோரமாக இரண்டாவது. வலது செருப்பு காட்டைப் பார்த்தது. அவள் இழுத்துப் பிடித்தாள். நொண்டவில்லை. துரை தாளில் ஏதோ குறித்தார்.

மூன்றாவது எல்லையில், நெல் அடிக்கிற களம் ஒன்று இருந்தது. முந்தின நாள்வரை இல்லாத களம். வட்டமாகச் செதுக்கி, சாணம் போட்டு மெழுகி, வெயிலில் காய்ந்து ஓடுபோல் இறுகிக் கிடந்தது. எல்லை அதன் நடுவால் போனது.

"மச்சாள், களம். செருப்பைக் கழட்டுங்கோ."

"இதிலை களம் எப்ப வந்தது?"

"நேற்று நான்தான் போட்டனான். நெல்லு குவிக்கிற இடமெல்லோ. செருப்போடை மிதிக்கப்படாது."

"துரை சப்பாத்தோடை நிக்கிறார்."

சிற்றம்பலம் திரும்பிப் பார்த்தான். துரை களத்தின் நட்ட நடுவில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது சப்பாத்து" என்றான்.

(உண்மையான சிற்றம்பலத்துக்கு இவ்வளவு மூளை இல்லை. இது நான் இரவலாகக் கொடுத்தது. திருப்பிக் கேட்கப்போகிறேன்.)

செருப்போடு அவள் ஏறிப் போயிருக்கலாமே என்பீர்கள். களத்தில் செருப்போடு ஏற எங்கள் பக்கத்தில் எவருக்கும் கால் வராது. நெல் இல்லாத நாளிலும் வராது. வயல் தெரியாதவளாய் இருந்தால் ஏறியிருப்பாள். தான் வயல்காரி என்று காட்டத்தான் இந்த நடையே. செருப்போடு ஏறினால் அவள் வயல்காரி இல்லை. கழற்றினால் நடக்க ஏலாது. சுற்றிக்கொண்டு போனால் அது எல்லை இல்லை.

இரஞ்சிதம் குனிந்தாள். கையைச் செருப்பு வாரில் வைத்தாள்.

8

முடிவு எழுதிப் பார்த்தேன்.

கழற்றினாள். ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். காணி கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தக் காணியில் அவள் நடக்கவில்லை. வாசலில் இருந்து பார்த்தாள்.

கழற்றவில்லை. செருப்போடு ஏறினாள். துரை ஒன்றும் கவனிக்கவில்லை. காணியை அவள் பேருக்கு எழுதினார். அந்தப் போகம் அவளுக்குக் கதிர் அறுத்துச் சூடு அடிக்க ஒரு மனிதரும் வரவில்லை. நெல் நின்ற நிலையிலேயே கொட்டி முளைத்தது.

இடது செருப்பு பஸ் தரிப்பு என்று நினைத்துக் களத்தின் ஓரத்தில் நின்றுவிட, வலது செருப்பு மட்டும் தனியே ஏறித் துரையைச் சுற்றி— (எழுதும்போது சிரித்தேன். கதிரையில் இருந்தவள் சிரிக்கவில்லை. வெட்டிவிட்டேன்.)

சிற்றம்பலம் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தன் சால்வையை உதறிக் களத்தின்மேல் விரித்து, "நடவுங்கோ மச்சாள்" என்றான். (இதை நம்பக்கூடியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டுமுறை முயன்றேன். சால்வை விரிந்தது, அவன் வாய் திறக்கவில்லை.)

என்னால் ஏலாது. அவளை அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்: களத்தின் ஓரம், குனிந்தபடி, கை வாரில். முன்னால் துரை, பக்கத்தில் மச்சான், தலைக்கு மேல் ஆடி மாதத்து வெயில். மிச்சத்தை நீங்கள் முடியுங்கள். குனிந்து நிற்பதும் அவளுக்கு நோகும் என்பதால் அதிகம் யோசிக்கவேண்டாம்.

இரஞ்சிதம் அந்த அறுபத்தோராம் வருடம் பங்குனியிலேயே, வெறுங்காலில் முள் ஏறி, தாடை இறுகும் ஏற்புவலி கண்டு இறந்துபோனாள். துரை வந்தது ஆடியில்.