செல்வராணியின் கம்ப்யூட்டரில் இருந்தது யார்?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. முத்தையாபுரத்தில் ஒரு மனு டைப் செய்யப் போன இடத்தில், டைப் செய்தவரே சொன்னார். "பேர மட்டும் மாத்திருங்க" என்றார். செல்வராணி என்று மாற்றினேன். (அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.) கதைக்காக 'அவர்' என்பதை 'அவள்' ஆக்கியதற்கும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடலோர நகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண் அவளை—'

அடித்துவிட்டேன். நடந்தது இதுதான். செல்வராணி வீட்டிலிருந்தே பள்ளிகளுக்குக் கேள்வித்தாளும், என்னைப் போன்றவர்களுக்கு மனுவும் டைப் செய்து கொடுப்பவள். மார்ச் மாதம் ஒரு முற்பகலில், அவள் எதையும் தொடாதபோதே கம்ப்யூட்டர் கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுநாளும் அப்படியே.

2

அன்றுதான் ஆறுமுகநேரியில் இருக்கும் தங்கை பேச்சிச்செல்விக்கு அதே கம்ப்யூட்டரில் எழுதியிருந்தாள்: 'இங்க மூச்சு முட்டுது. பத்து நாள் அங்க வந்து இருக்கேன்.'

சாயங்காலம் அவள் கணவன் சிவப்பிரகாஷ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "ஆறுமுகநேரிக்குப் போற யோசனையா?"

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இங்கே யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை வாங்கி வந்து மாட்டியதும் அவன்தான். அப்படியானால் விளக்குக்குப் பின்னால் இருப்பது யார்?

கேமரா மேல் துண்டைப் போட்டாள். ஒன்பது நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. சோறு இறங்கவில்லை.

[இந்த இடத்தில் சிவப்பிரகாஷைக் கெட்டவனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஒருவனைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அவன் இருமுவதுகூடச் சாட்சியாகிவிடுகிறது. மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.]

3

பத்தாம் நாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெர்சி அக்காவை வரவழைத்தாள். வந்தவள் உட்காரும் முன்பே சொன்னாள்: "மொதல்ல நெட் வயரப் புடுங்குளா. உள்ள இருக்கவன் வெளிய பேசக் கூடாதுல்லா."

பிறகு, தேவையானது மட்டும் ஓடும்படி கம்ப்யூட்டரைத் திறந்து, ஏற்றியிருந்த சாப்ட்வேர்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினாள்.

"இந்தா இருக்கு பாரு. வேவு பாக்குற சாமான்."

"யாருக்கா போட்டது?" என்று கேட்டாள் செல்வராணி.

"ஆளு பேரு இருக்காதுளா. தேதி இருக்கு. பிப்ரவரி எட்டு, காலைல பதினொண்ணே கால். அதே நிமிசத்துல பிடிஎஃப் மாத்துற ஃப்ரீ சாப்ட்வேர் ஒண்ணும் ஏறியிருக்கு. அதுகூட ஒட்டிக்கிட்டு வந்துருக்கு இது."

பிப்ரவரி எட்டு. அவன் வேலைக்குப் போயிருந்தான். பள்ளியிலிருந்து அவசரமாக வந்த கேள்வித்தாள் திறக்கவில்லை. இலவசம் என்று இருந்ததை அமுக்கினாள். அது மூன்று முறை ஏதோ கேட்டது. படிக்காமலே மூன்று முறையும் 'சரி' கொடுத்தாள்.

"நாந்தாங்க்கா" என்றாள். "நானேதான் கதவத் தொறந்து விட்டுருக்கேன்."

'அவள் கண்களில் முத்து முத்தாக—' முத்துக் குளித்த ஊர் என்பதற்காக இதையெல்லாம் எழுதக் கூடாது. மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான்.

பெர்சி அதைப் பிடுங்கி எறிந்தாள். முழுக்கச் சலித்துப் பார்த்ததில் இன்னும் பதினொரு வைரஸ் அகப்பட்டது. "பாஸ்வேர்டு எல்லாத்தயும் போன்ல இருந்து மாத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெரு திரும்புவதற்குள் செல்வராணிக்குப் பயங்கரமாகப் பசித்தது. காலையில் மிஞ்சிய புளிச்சோற்றைச் சட்டியோடு எடுத்துவைத்துச் சாப்பிட்டாள்.

4

சாயங்காலம் அவளே கேட்டாள். "ஆறுமுகநேரிக்குப் போறியான்னு அன்னைக்கு எப்படிக் கேட்டிய?"

"ஒந்தங்கச்சிதான் போன் போட்டா. 'அக்காவ ஒரு பத்து நாள் அனுப்பி வைங்க அத்தான்'ன்னா. நானும் போயிட்டு வான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ உள்ள போயிட்ட. ஏன்?"

அந்த 'ஏன்'னுக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். சொல்கிறாள், இப்போது அவன் ஒன்பது நாள் பேசவில்லை. 'சும்மாதான்' என்கிறாள், பஸ் ஏறுகிறாள்.

எது உண்மை என்று மனு வாங்கப் போனபோது அவரிடமே கேட்டேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். "அது எங்க வீட்டுப் பேச்சுல்லா சார்."

நியாயம்தான். இதற்கு மேல் எழுதினால் பெர்சி பிடுங்கி எறிந்த சாமானுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு 'ஏன்' வந்தால் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்க்கமாட்டேன்.